டொம்போலா மேஜையில் இல்லாத பாட்டில்

மூன்றாவது பஸ் வந்து நின்றபோது லோர்னா விக்கன்ஸ் கவுன்டருக்குப் பின்னால் ஒரு காலை ஷூவிலிருந்து உருவி, மற்றக் காலின் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். எத்தனை பேர் என்று அர்த்தம். நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். பஸ் நிறைய ஆட்கள். அவள் காலைத் திரும்ப ஷூவுக்குள் திணித்தாள். முகத்தில் சிரிப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

என் பெயர் லென். ஈஸ்ட்போர்ன் பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா கிடக்கப் பிடிக்காமல் சசெக்ஸில் இந்தத் திராட்சைத் தோட்டத்துக்கு டிராக்டர் ஓட்ட வந்தேன். வருகிறவர்களை டிரெய்லரில் ஏற்றி, கொடி வரிசைகளுக்கு நடுவே ஒரு சுற்று சுற்றிக் காட்டி, ருசி பார்க்கும் கூடத்து வாசலில் இறக்கிவிடுவேன். அதற்கப்புறம் அவர்கள் லோர்னாவின் பாடு.

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருத்தன் அந்த ஜோக்கைச் சொல்வான்.

"இங்கிலாந்துல ஒயினா? மழைத்தண்ணிய வடிகட்டித் தர்றீங்களோ?"

உலகத்திலேயே தான்தான் முதலில் அதைக் கண்டுபிடித்தது போலச் சொல்லிவிட்டு, சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பான். வாசலில் நிற்கிற எனக்கே எரிச்சல் வரும். லோர்னா இருபது வருஷமாக அதற்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். எப்படித்தான் முடிகிறது என்று ஒரு தடவை கேட்டேன். "பில்டிங் சொசைட்டி கவுன்டர்ல உக்காந்து பாரு, அப்ப தெரியும்" என்றாள்.

முதல் கிளாஸ் நுரைக்கிற ஒயின். எங்கள் பக்கத்து ஒயின் என்றாலே இப்போது அதுதான் என்று ஆகிவிட்டது. கல்யாணத்துக்குக் கேட்கிறார்கள், பிறந்தநாளுக்குக் கேட்கிறார்கள். இரண்டாவது கிளாஸ் ஊற்றியதும் ஒரு அம்மாள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நுரையே வரலையே, கெட்டுப்போச்சா?" என்பாள்.

"கெடலீங்க. இது நுரைக்காத ஒயின், இப்படித்தான் இருக்கும். குடிச்சிடாதீங்க, கொஞ்சம் பொறுங்க. ரொம்ப ஜில்லுனு இருந்தா வாசனை வராது. கிளாஸைக் காம்புல புடிச்சு ஒரு சுத்து சுத்துங்க. மூக்கை உள்ள விடுங்க. வெக்கப்படாதீங்க, எல்லாரும் அப்படித்தான் செய்யணும்."

அது பாக்கஸ். பாக்கஸ் என்பது ஒரு வெள்ளைத் திராட்சை. வேறு ஊர்களில் அதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. எங்கள் மேகமூட்டமும் குளிரும் அதற்குப் பிடித்துப்போய்விட்டது. தோட்டத்தின் கீழ்வயலில் அது இருந்தது. கிளாஸில் மூக்கை விட்டால் மே மாசத்தில் எங்கள் சந்துகளில் வேலியோரம் வருகிற வாசனை வரும். எல்டர் பூ, மழையில் நனைந்த செந்தட்டி, அப்போதுதான் வெட்டின புல். குடித்தால் நாக்கின் இரண்டு ஓரத்திலும் எச்சில் ஊறுகிற புளிப்பு; அப்புறம் கூஸ்பெர்ரித் தோலைக் கடித்த மாதிரி ஒரு சுறுக்கு.

மழைத்தண்ணீர் ஜோக் சொன்ன ஆள் முதல் வாய்க்கே பேச்சை நிறுத்திவிடுவான். இன்னொரு தடவை மூக்கை உள்ளே விடுவான். பெண்டாட்டியைத் திரும்பிப் பார்ப்பான். "பரவால்லையே" என்பான். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. லோர்னா அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டே நிற்பாள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்குக் காலும் வலிக்காது, முதுகும் வலிக்காது.

"இந்த ஒண்ணுக்கு மட்டும்தான் லென், நான் பொய் சொல்ல வேண்டியதில்ல" என்று ஒருநாள் கிளாஸ் கழுவும்போது சொன்னாள்.

மூன்றாவது கிளாஸ் சிவப்பு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

லோர்னா ஹெய்ல்ஷாமில் பிறந்தவள். அப்பா பால் வண்டி ஓட்டினார். பதினாறு வயதில் பில்டிங் சொசைட்டி என்கிற வீட்டுக்கடன் வங்கியின் கிளையில் கவுன்டர் வேலைக்குச் சேர்ந்து, அந்தக் கிளையை மூடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மூடினபோது ஒரு கேக் வெட்டினார்களாம், மானேஜர் நன்றி சொன்னாராம், அவ்வளவுதான். கணவன் டெர்ரி கூரை வேலை செய்தவன்; ஏணியிலிருந்து விழுந்து முதுகு போய், அதிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் ஸ்னூக்கர் ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறான். நல்லவன்தான். ஆனால் அவனுக்கு டீயைத் தவிர எதன்மேலும் நம்பிக்கை இல்லை. "ஒயினா? தலைவலிய எதுக்கும்மா காசு குடுத்து வாங்கணும்?" என்பான்.

கிளை மூடின வருஷம் அக்டோபரில், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அவள் இங்கே பழம் பறிக்க வந்தாள். எங்கள் ஊரில் அது ஒரு வழக்கம். பறிக்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. மத்தியானம் கொட்டகையில் நீள மேஜை போட்டு சூப்பும் ரொட்டியும் சீஸும் கொடுப்பார்கள், கூடவே போன வருஷத்து ஒயின். விரல் நுனியெல்லாம் பிசுபிசுவென்று, குளவிக்கடியோடு, கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அவள் அந்த பாக்கஸை ஒரு வாய் குடித்தாள். பிறகு கொஞ்சம் சத்தமாகவே சொன்னாளாம்: "இது எங்க தெருமுனை வாசனைல்ல!"

தோட்டத்துக்காரர் டங்கன் அப்போது அதே மேஜையில் இருந்தார். லண்டனில் இன்ஷூரன்ஸில் சம்பாதித்ததை எல்லாம் கொண்டுவந்து இந்த மண்ணில் கொட்டின மனிதர். ஒயினைப் பற்றிப் பெரிய பெரிய வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்தவருக்கு அது பிடித்துவிட்டது. "நீங்க வந்து எங்க கவுன்டர்ல நிக்கறீங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து நின்றாள்.

இப்போது சிவப்புக்கு வருகிறேன்.

டங்கனுக்கு பாக்கஸ் மேல் ஒரு மரியாதை உண்டு, ஆசை கிடையாது. ஆசையெல்லாம் பீனோ நுவார் என்கிற கருந்திராட்சை மேல்தான். எல்லோரும் அதை நுரைக்கிற ஒயினுக்கு அனுப்பும்போது அவர் மட்டும் அதிலே சிவப்பு ஒயின் போடுவேன் என்று பிடிவாதமாக நின்றார். வெயில் நன்றாக அடித்த வருஷங்களில் அது சுமாராக வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். மற்ற வருஷங்களில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் நிறம். மூக்கில் தக்காளி இலையைக் கசக்கின வாடை. வாயில் ஒன்றுமே தங்காது, ஒரு பச்சைக் கசப்பு மட்டும் பின்னால் நிற்கும். மற்ற வருஷங்கள்தான் எங்களுக்கு அதிகம்.

அந்தச் சிவப்பை லோர்னா கடைசியாக ஊற்றுவாள். அதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியிருப்பாள். தலைமுடி கிளிப்பிலிருந்து நழுவியிருக்கும். ஒரு கையைக் கவுன்டரில் ஊன்றிக்கொள்வாள். "இது கொஞ்சம் கூச்ச சுபாவம். அவசரப்படாம நேரம் குடுத்தா பேசும்" என்று ஒவ்வொரு கிளாஸையும் பார்த்துப் பார்த்து ஊற்றுவாள். துப்புவதற்கு ஒரு வாளி வைத்திருப்போம். அதில் யாரும் துப்பினதே இல்லை. ஒரு பெண்மணி ஊற்றிக் கொடுத்ததை அவள் முன்னாலேயே துப்புவது எங்கள் ஆட்களால் ஆகாத காரியம். விழுங்கிவிட்டு, "ம்ம்" என்று தலையாட்டுவார்கள். கிளம்பும்போது புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, இதுல ஒண்ணு எடுத்துக்கறோம்" என்பார். கையிலிருக்கிற கிளாஸ் சிவப்பு. அதனால் எடுப்பதும் சிவப்பு.

அப்படியே சிவப்பு விற்றது. பெட்டி பெட்டியாக நான்தான் பஸ்ஸில் ஏற்றினேன். பாக்கஸும் போனது, ஆனால் கவுன்டரில் சிவப்பு போன அளவுக்கு இல்லை. ஜனங்களுக்கு ருசி செத்துப்போச்சு போலிருக்கிறது என்று எனக்குள்ளேயே திட்டிக்கொண்டு ஏற்றினேன்.

அவள் வந்து இருபதாவது வருஷம், அக்டோபரில் பறிப்பு முடிந்ததும் டங்கன் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கையைத் தேய்த்துக்கொண்டார். அவர் கையைத் தேய்த்தால் ஏதோ வில்லங்கம்.

"ஒரு முடிவு எடுத்திருக்கேன். ஜனங்க சிவப்பைத்தான் கேக்கறாங்க, நாம பாக்கறோம் இல்ல? கீழ்வயல் பாக்கஸுக்கு வயசாயிடுச்சு. குளிர் காலத்துல அதைப் புடுங்கிட்டு பீனோ வெக்கப்போறேன். லோர்னா, இதுக்கு முக்கியக் காரணமே நீங்கதான். உங்கள மாதிரி யாராலயும் அந்தச் சிவப்ப வித்திருக்க முடியாது."

லோர்னா "ரொம்ப சந்தோஷம் டங்கன்" என்றாள். சொல்லிவிட்டு எழுந்துபோய்க் காய்ந்த கிளாஸ்களை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் அவளை வீட்டில் இறக்கிவிடும்போது காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்தே இருந்தாள்.

"எனக்குக் களைப்பா இருக்கு லென். ரொம்பக் களைப்பா இருக்கு. அந்த ஜோக்கு, அந்தக் கிடங்குப் படி ஏறி எறங்கறது, அந்தக் கிளாஸ் கழுவறது, எல்லாத்தையும் தாங்கிக்கறேன்னா அந்த ஒரு கிளாஸுக்காகத்தான். அது போச்சுன்னா நாளெல்லாம் நான் வெறும் பொய்யத்தான் ஊத்தணும்."

"அப்ப சொல்லித் தொலையேன் அவர்கிட்ட, சிவப்பு தேறாதுன்னு!"

"விக்குதே! விக்கறத தேறாதுன்னு எப்படிச் சொல்றது?"

அவள் இறங்கினாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

நவம்பர் கடைசியில் ஊர்க் கூடத்தில் கிறிஸ்துமஸ் சந்தை நடந்தது. கூரை சரிசெய்ய நிதி திரட்டுகிறோம் என்று வருஷா வருஷம் நடக்கிறது, கூரையும் வருஷா வருஷம் ஒழுகுகிறது. மேடைக்குப் பக்கத்தில் பாட்டில் டொம்போலா. ஊரில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது ஒரு பாட்டில் கொடுப்பார்கள். தக்காளி சாஸ், குளியல் நுரை, தாராள மனசு இருந்தால் விஸ்கி. சீட்டு எடுத்து எண் விழுந்தால் அந்த பாட்டில் உங்களுக்கு. எங்கள் ஊரில் வேண்டாத பாட்டிலை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள், கொடுத்தவரிடம் பிடிக்கவில்லை என்றும் சொல்லமாட்டார்கள். டொம்போலாவுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஜெயித்தவர் வீட்டில் வைத்திருந்து அடுத்த வருஷம் அவர் கொடுப்பார். ஒரு வெங்காய ஊறுகாய் பாட்டில் எனக்குத் தெரிந்து பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைத் திறக்கிற தைரியம் இனி யாருக்கும் வராது.

லோர்னாதான் முதலில் பார்த்தாள். "அட, நம்ம பாட்டில் லென்!" என்று சிரித்துக்கொண்டே கிட்டே போனாள்.

ஒன்று மட்டும் இல்லை. குளியல் நுரைக்குப் பக்கத்தில் ஒன்று, சாஸுக்குப் பின்னால் இரண்டு, அப்புறம் வரிசையாக. போன வருஷத்துச் சிவப்பு, அதற்கு முந்தின வருஷத்துச் சிவப்பு. ஒன்றின் கழுத்தில் ரிப்பனும் சீட்டும் அப்படியே தொங்கின: "கிரஹாமுக்கு, அறுபதாவது பிறந்தநாள் வாழ்த்துகள்." கிரஹாம் அதைத் திறக்கவே இல்லை. ரிப்பனைக்கூட அவிழ்க்கவில்லை.

மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தது ம்யூரியல் ஹோட், சர்ச்சில் பூ அலங்காரம் செய்கிறவள். லோர்னாவைக் கண்டதும் அவள் முகம் மாறிவிட்டது. அவசர அவசரமாக ஒரு பாட்டிலை எடுத்துத் துடைத்தாள்.

"குளிர் பாத்தியா லோர்னா, போன வருஷம் இப்படி இல்ல..."

"இதெல்லாம் யாரு குடுத்தது ம்யூரியல்?"

"யார் யாரோ. மின்ஸ் பை சாப்பிட்டியா? இந்தத் தடவை நல்லா வந்திருக்கு."

"ம்யூரியல்."

ம்யூரியல் பாட்டிலைக் கீழே வைத்தாள். "கோவிச்சுக்காதம்மா. நீ எல்லாருக்கும் பாத்துப் பாத்து ஊத்தற. கால் வீங்கிப் போய் நிக்கற. அதப் பாத்துட்டு வெறுங்கையோட எப்படி வெளிய வர்றது சொல்லு? மனசு கேக்காது. ஒண்ணு வாங்கிட்டு வந்துடறோம்."

"குடிக்கறதுக்கு?"

"ஏன், குழம்புல ஊத்தலாம்" என்றாள் ம்யூரியல், ரொம்பப் பாவமாக.

லோர்னா மேஜையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"பாக்கஸ் ஒண்ணுகூட இல்லையே?"

"அது எப்படிம்மா வரும்? அத யாராவது குடுப்பாங்களா? வாங்கின அன்னிக்கே காலியாயிடும்" என்றாள் ம்யூரியல்.

வெளியே வந்து சுவரோரம் நின்றோம். நான் வாங்கி வந்த டீயை அவள் குடிக்கவில்லை. கோபம் வந்தது எனக்கு. ஊர் முழுக்க ஒருத்தருக்காவது வாயைத் திறந்து சொல்ல முதுகெலும்பு இல்லை. இத்தனை வருஷம் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்திருக்கிறார்கள். அவள் கோபப்படவில்லை. "என்னப் பாத்துப் பாவப்பட்டு வாங்கியிருக்காங்க" என்றாள்.

"நல்ல மனசுல செஞ்சதுதான்..."

"நல்ல மனசுதான். அந்த நல்ல மனசாலதான் ஜனவரில என் பாக்கஸ வேரோட புடுங்கப்போறாங்க."

"நான் போய் டங்கன்கிட்ட சொல்றேன்."

"நீ சொன்னா சண்டைல முடியும். நானே சொல்றேன். என் மூஞ்சிக்காகத்தான் உங்க ஒயின வாங்கறாங்கன்னு என் வாயாலயே சொல்லணும். வேற என்ன செய்யறது?"

சொன்னாள். அடுத்த வாரம், ருசி பார்க்கும் கூடத்தில் நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது. டங்கன் வழக்கம்போல நல்ல மாதிரியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். டொம்போலா மேஜையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் காது சிவந்தது. கிரஹாமின் ரிப்பனைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவள் எதையும் விடவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் யாருக்கும் எதையும் இனிப்புத் தடவாமல் கொடுத்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அது நல்லா இல்ல டங்கன். மூணு நாலு வருஷமா நல்லா இல்ல. நான் நல்லா இருக்குன்னு சொன்னேன், அது என் தப்பு. பாக்கஸ மட்டும் எடுத்துடாதீங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரொம்ப மெதுவாக, மரியாதையாகக் கேட்டார்.

"லோர்னா, தப்பா எடுத்துக்காதீங்க. சிவப்ப உங்களுக்காக வாங்கினாங்கன்னா, பாக்கஸயும் உங்களுக்காகத்தான் வாங்கலேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அது டொம்போலாவுக்கு வரலியே."

"அது ஒரு மேஜை. அத வெச்சு ஒரு வயலை நான் எப்படி முடிவு பண்றது?"

கேட்டது நியாயம்தான். எனக்கே அது நியாயமாகப் பட்டது, அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது. லோர்னா முகத்தைப் பார்க்க முடியாமல் நான் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் நிக்கற வரைக்கும் உங்களுக்குத் தெரியாது" என்றாள் அவள். "அடுத்த சீசன் வேற யாரையாவது ஊத்தச் சொல்லுங்க. என்ன மாதிரி இல்லாம, யாரும் பாவப்படாத ஆளா பாத்து வையுங்க. அப்பவும் பாக்கஸ் வித்துச்சுன்னா வயல விட்டுடுங்க. விக்கலேன்னா புடுங்கிக்கோங்க."

"அதுவரைக்கும் நீங்க?"

"வீட்ல இருக்கேன். டெர்ரிக்கு ஸ்னூக்கர் பாக்கத் துணை வேணும்."

டங்கன் ஒத்துக்கொண்டார். வயலைப் பிடுங்குவதை ஒரு வருஷம் தள்ளிப்போட்டார். அன்று சாயங்காலம் அவள் ஷூவை மாற்றிக்கொண்டு, கவுன்டருக்குக் கீழே வைத்திருந்த கம்பளிச் சட்டையையும் கைக்குப் பூசுகிற கிரீமையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கேக் எதுவும் வெட்டவில்லை.

ஏப்ரலில் டாம்சின் வந்தாள். லூயிஸ் ஊர்ப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், சைக்கிளில் வந்து சைக்கிளில் போகிறவள். அவளைப் பார்த்து யாரும் பாவப்படமாட்டார்கள். மழைத்தண்ணீர் ஜோக்கைச் சொன்ன முதல் ஆளிடம், "அத இன்னும் எத்தனை வருஷம்தான் சொல்வீங்க?" என்று கேட்டுவிட்டாள். அந்த ஆள் வாயடைத்துப்போனான். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. லோர்னாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடிந்து லோர்னா வீட்டுக்குப் போவேன். கதவைத் திறந்ததும் கேட்பாள், உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே.

"எப்படிப் போச்சு?"

"சிவப்பு படுத்துடுச்சு. குடிச்சுப் பாக்கறாங்க, 'ரொம்ப வித்தியாசமா இருக்கு'ன்னு சொல்றாங்க, கிளாஸ வெச்சுட்டுப் போறாங்க."

"அது?"

"போகுது."

"எவ்வளவு போகுது? சும்மா சொல்லாத."

"சும்மா எதுக்குச் சொல்லணும்? ஆளுக்கு ரெண்டு, மூணு தூக்கறாங்க. நேத்து ஒருத்தன் திரும்பி வந்து ஒரு பெட்டி வாங்கிட்டுப் போனான்."

"மூக்கை உள்ள விடச் சொல்றாளா?"

"சொல்றா."

"ஜில்லுனு ஊத்தறாளா?"

"இல்ல. ஐஸ்லருந்து எடுத்து வெச்சு, கொஞ்ச நேரம் கழிச்சுதான் ஊத்தறா."

"நல்லது" என்பாள். அப்புறம்தான் டீ போடுவாள். உள்ளேயிருந்து டெர்ரி, "வாரா வாரம் இந்த ஆளுக்கு நம்ம வீடுதான் கெடச்சுதா?" என்று கத்துவான். அது அவன் வரவேற்கிற விதம்.

அந்தக் கோடையில் அவள் மெலிந்துபோனாள். ஓய்வு எடுத்தால் தெம்பு வரும் என்பார்கள். இவளுக்கு உட்கார உட்காரத்தான் களைப்பு கூடியது. மத்தியானத்தில் தூங்கிவிடுவதாகச் சொன்னாள். சனிக்கிழமைகளில் மட்டும் தூங்குவதில்லை.

ஆகஸ்ட் முடிவதற்குள் பாக்கஸ் தீர்ந்துபோனது. கிடங்கில் ஒரு பெட்டிகூட இல்லை. லண்டனிலிருந்து ஒரு ஹோட்டல்காரன் கேட்டு, இல்லையென்று சொல்லவேண்டியதாயிற்று. டங்கன் டிராக்டர் கொட்டகைக்கு வந்தார். இந்தத் தடவை கையைத் தேய்க்கவில்லை.

"லோர்னாகிட்ட சொல்லிடுங்க லென். கீழ்வயல் இருக்கும். நான் இருக்கற வரைக்கும் அத யாரும் தொடமாட்டாங்க. பீனோவ இனி நுரைக்கே அனுப்பிடறோம்."

"நீங்களே சொல்லலாமே."

"சொல்லணும்தான்..." என்றார். டாம்சின் கூடத்திலிருந்து எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் பார்த்தார். லோர்னாவைத் திரும்பக் கூப்பிடுவாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்று சனிக்கிழமை இல்லை. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பிச்சுடுச்சு" என்றேன் உடனே. "உன் பாக்கஸ் தப்பிச்சுடுச்சு லோர்னா. ஒரு பாட்டில் மிச்சம் இல்ல. வயலத் தொடமாட்டேன்னு சொல்லிட்டாரு."

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "டெர்ரி! கேட்டியா?" என்று உள்ளே கூப்பிட்டாள். "கேட்டுது, கேட்டுது. ரொம்ப நல்லதும்மா" என்று அவன் குரல் வந்தது, முதல் தடவையாகக் கிண்டல் இல்லாமல். சமையலறையில் என்னை உட்காரவைத்தாள். கெட்டிலை வைத்தாள். யார் யார் வாங்கினார்கள், என்ன சொன்னார்கள், எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவள் சந்தோஷமாக இருந்தாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தண்ணீர் கொதித்து கெட்டில் அணைந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"அப்ப அதுக்கு நான் வேண்டியதே இல்ல, இல்லையா லென்?"

"என்ன பேசற?"

"யார் ஊத்தியிருந்தாலும் அது போயிருக்கும். இருபது வருஷம் நான்தான் அத ஜனங்களுக்குக் காட்டிக் குடுக்கறேன்னு நெனச்சுட்டு நின்னேன். அதுக்கு நான் தேவையே படல. அந்தச் சிவப்புக்குத்தான் நான் தேவைப்பட்டிருக்கேன்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படித்தான் சொல்லவேண்டும் எங்கள் ஊரில். நீ இல்லாவிட்டால் அந்த இடமே இல்லை, உன்னை எல்லோரும் தேடுகிறார்கள், ஏதாவது சொல்லி அந்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்க அவளிடம் இத்தனை வருஷம் அதைத்தான் செய்தது.

"ஆமா லோர்னா" என்றேன்.

அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். கையை நீட்டி என் கை மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, டீ ஊற்ற எழுந்துபோனாள்.